அம்மாவின் வழக்கும் ஒரு பதிவு எண்ணும்

உச்சிப்புளிப் பக்கம் தாத்தா விட்டுப்போன தென்னந்தோப்பில் எங்கள் அம்மாவுக்குப் பங்கு உண்டு. மாமாக்கள் தர மறுத்ததால் ராமநாதபுரம் சப் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டோம். வக்கீலைக் காட்டிவிட்டவர் ஒரு சொந்தக்காரர். நாலு வருடம் ஓடியது. எப்போது போன் போட்டாலும், "வாய்தா போட்டிருக்காங்க தம்பி, தேதி வந்தா நானே கூப்பிடுறேன்" என்பார் அந்த வக்கீல். அம்மா கருவாடு விற்ற காசில் ஆயிரம், இரண்டாயிரம் என்று கொடுத்தனுப்பிக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் ராத்திரி, செல்போனில், கோர்ட் வழக்குகளின் நிலையைக் காட்டும் ஈகோர்ட்ஸ் செயலியைப் போட்டு நானே தேடினேன். வழக்கு எண் கையில் இல்லை. கட்சிக்காரர் பெயரும் வருடமும் கொடுத்தாலே தேடலாம். அம்மா பெயருக்கு ஆங்கிலத்தில் எந்த எழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் மூன்று விதமாக அடித்துப் பார்த்தேன். மூன்றாவதில் வந்தது. வாதி ஆஜராகாததால் தள்ளுபடி. பத்து மாதத்துக்கு முந்தைய தேதி. அதற்கு அப்புறமும் இரண்டு தடவை அவர் பணம் வாங்கியிருந்தார்.

அம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. சொன்னதும் அழவில்லை. "அவரு வக்கீலுதானாப்பா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பிவிட்டது.

வக்கீலா இல்லையா என்று எங்கே போய்க் கேட்பது? எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. கறுப்புக் கோட்டும் வாசலில் பலகையும் இருந்தால் போதும். முதல் வழி வக்காலத்தில், அதாவது எங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் கொடுத்துக் கையெழுத்திட்ட தாளில்தான் இருந்தது. நகல் மனு போட்டு எங்கள் வக்காலத்தின் சான்றிட்ட நகலை வாங்கினேன். கீழ்ப்பக்கம் அம்மாவின் கையெழுத்து, கோட்டை விட்டு இறங்கிச் சரிந்து கிடந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் வெற்றுத் தாளில் போட்ட கையெழுத்து அது. அதன் பக்கத்தில் வக்கீலின் முத்திரை; பெயர், முகவரி, அதற்கும் கீழே பொடி எழுத்தில் எம்.எஸ். என்று தொடங்கி ஒரு எண்ணும் வருடமும். பார் கவுன்சிலில் பதிவு செய்த எண் அதுதான்.

தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் சேர்த்து ஒரே பார் கவுன்சில். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. 1961ஆம் வருட வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவுப் பட்டியலை வைத்திருப்பதும், தவறு செய்தவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதும் அவர்கள்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எனக்குத் தெரிந்த ஒரு குமாஸ்தா அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி சுருக்கமாகத்தான் கேட்டேன்: இந்த எண்ணுக்கு உரியவர் பெயர் இப்போது பட்டியலில் இருக்கிறதா? இவர்மேல் வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆம் பிரிவில் தண்டனை உத்தரவு ஏதாவது உண்டா, இருந்தால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? "யாரு யாரு புகார் கொடுத்தாங்கன்னு கேட்காதே, அது தனிநபர் விவரம்னு தள்ளிருவாங்க. முடிஞ்சுபோன உத்தரவை மட்டும் கேளு" என்றார் அண்ணன். நல்ல யோசனை.

பதில் தர முப்பது நாள் கெடு. இருபத்தாறாம் நாள் வந்தது. ஒரே பக்கம். பெயர் பட்டியலில் இருக்கிறது. வேறொரு கட்சிக்காரர் கொடுத்த புகாரில் ஒரு வருடம் தொழில் செய்யத் தடை. தடை தொடங்கிய தேதி எங்கள் வழக்குத் தள்ளுபடியான நாளுக்கு ஐந்து வாரம் முன்னால்! தடைக் காலத்தில் எந்தக் கோர்ட்டிலும் அவர் ஆஜராகக் கூடாது. அதை எங்களிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே வேறு வக்கீலை வைத்திருப்போம். சொல்லாமல் பணம் வாங்கினார். தள்ளுபடியைவிட இதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போ என்று பலர் சொன்னார்கள். அது நடக்காது. வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நாங்கள் போனது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்கிறார்கள். இது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் தந்த வக்கீல் இளம் வயது, பொறுமைசாலி. பழைய வக்கீல் "பாக்கி பீஸைக் கொடுத்துட்டுக் கேஸ் கட்டை எடுத்துக்கங்க" என்று மூலப் பத்திரத்தையும் சேர்த்துப் பிடித்துவைத்திருந்தார். பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டை வக்கீல் நிறுத்திவைக்க முடியாது என்று 2000ஆம் வருடமே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புது வக்கீல் அதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதினார். நாலாம் நாள் கட்டு வீட்டுக்கு வந்தது. அம்மா பத்திரத்தை ஓலைப் பெட்டியில் வைத்து, மேலே சேலையை மடித்து மூடினார்.

தள்ளுபடியான வழக்கைத் திரும்ப எடுக்க முப்பது நாளுக்குள் மனுப் போட வேண்டும். நாங்கள் 338 நாள் தாமதம். நாள் கணக்கு எழுதி, ஏன் தாமதம் என்று போதுமான காரணம் காட்ட வேண்டும். பார் கவுன்சில் அனுப்பிய அந்த ஒரு பக்கத்தைத்தான் ஆவணமாக இணைத்தோம். மாமா தரப்பு வக்கீல் நிறைய எதிர்த்தார். நீதிபதி அந்தத் தாளை இரண்டு முறை வாசித்துவிட்டு, செலவுத் தொகை கட்டச் சொல்லித் தாமதத்தை மன்னித்தார். வழக்குத் திரும்பக் கோப்புக்கு வந்துவிட்டது.

பார் கவுன்சிலில் புகாரும் கொடுத்தோம். தேதிவாரியாக எழுதி, பணம் அனுப்பிய ரசீதுகள், ஈகோர்ட்ஸ் பக்கம், எல்லாவற்றின் நகலும் வைத்து அம்மா கையெழுத்திட்டார். முகாந்திரம் இருக்கிறது என்று கவுன்சில் நினைத்தால் மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். எச்சரிக்கலாம், தடை போடலாம், பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிடலாம். ஒரு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் கோப்பு டெல்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். பணத்தை மீட்டுத்தரும் இடம் அது இல்லை என்று தெரிந்துதான் கொடுத்தோம்.

இடையில் இரண்டு பேர் பழத்தட்டோடு வந்து, "பணத்தைத் தந்துர்றோம், புகாரை வாபஸ் வாங்குங்க" என்று சமாதானம் பேசினார்கள். வாபஸ் வாங்கிவிட்டதால் மட்டும் விசாரணையை நிறுத்தக் கூடாது என்று விதியே இருக்கிறது. அதைச் சொன்னதும் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். புகார் கொடுத்து இப்போது ஏழு மாதம் ஆகிறது.

புது வக்காலத்தில் கையெழுத்துப் போடும்போது அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்க நம்பரு எதுங்கய்யா?" என்று கேட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த இளைஞர் கொஞ்சமும் முகம் சுளிக்காமல் முத்திரையைக் காட்டி, எண்ணை ஒரு துண்டுத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அதுவும் ஓலைப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.