பால் பல்தானே என்று விட்டதில்

என் கீழ்வரிசையில், இடப்பக்கம், ஒரு பல் மட்டும் விலகி நாக்குப் பக்கமாக முளைத்திருக்கிறது. முருங்கைக்காய் சாப்பிட்டால் நார் அங்கே சிக்காமல் இருந்ததே இல்லை. நாற்பது வயது வரை அதைப் பிறவிக் கோணல் என்றே நினைத்திருந்தேன். அப்படியில்லை என்று தெரிந்தது, மகளின் பல்லைக் காட்டப் போன இடத்தில்.

அவளுக்கு அப்போது ஏழு வயது. கீழ்க் கடைவாய்ப் பால் பல் ஒன்றில் சொத்தை விழுந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. மூன்று வயது வரை சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்தபடிதான் தூங்குவாள். பிடுங்கினால் அழுவாள், எங்களுக்கும் தூக்கம் வேண்டியிருந்தது. தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடும், பல்லில் படிந்த இனிப்பு அப்படியே கிடக்கும், பால் பல்லின் எனாமலோ நிரந்தரப் பல்லினுடையதைவிட மெல்லியது என்பதெல்லாம் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டவை.

முதலில் காட்டிய இடத்தில், "பால் பல்தானே, தானாக விழுந்துவிடும்" என்று சொல்லி வலிக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டிலும் அதே கருத்துதான் என்பதால் நிம்மதியாகத் திரும்பினோம். கேட்க ஆசைப்பட்டதைச் சொல்பவர்மேல் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? சில மாதங்கள் கழித்து ஓர் இரவில் கன்னம் வீங்கிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஈறில் துவரம்பருப்பு அளவுக்குச் சீழ்க்கட்டி.

மறுநாள் குழந்தைகளுக்கான பல் மருத்துவர் ஒருவரிடம் ஓடினோம். டாக்டரம்மா எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினார். பால் பல்லின் இரண்டு வேர்களுக்கு நடுவே, சின்னத் தொப்பி ஒன்று கவிழ்ந்து கிடப்பதுபோல் ஏதோ தெரிந்தது. "இதுதான் சார் பிறகு முளைக்கப்போகும் பல். அதன் தலைமேல்தான் சீழ் உட்கார்ந்திருக்கிறது" என்றார். உள்ளே எனாமல் உருவாகும் பருவத்தில் மேலிருந்து சீழ் இறங்கினால், புதுப்பல் முளைக்கும்போதே பழுப்புத் திட்டோடும் குழியோடும் வருமாம். அதற்கு டர்னர் பல் என்று பெயரே இருக்கிறது.

வேர் சிகிச்சைக்கான கட்டம் கடந்துவிட்டது, பிடுங்கத்தான் வேண்டும் என்றார். "பிடுங்கிவிட்டால் தொல்லை தீர்ந்ததுதானே?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் என்னை வாய் திறக்கச் சொல்லிக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். "சின்ன வயதில் இந்தப் பக்கம் பல் பிடுங்கினார்களா?"

பிடுங்கினார்கள். இரண்டாம் வகுப்பில். அழாமல் இருந்ததற்கு அப்பா சேமியா ஐஸ் வாங்கித் தந்தார். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஆறு வயது வாக்கில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால் புதிதாக ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. அதனால் அதையும் பால் பல் என்றே பலர் நினைத்துக்கொள்கிறோம். நானும் அந்தக் கூட்டம்தான். முன்னால் இருக்கும் பால் பல்லைச் சீக்கிரம் பிடுங்கிவிட்டால், இந்தப் பெரிய பல் காலியிடத்தை நோக்கிச் சாய்ந்து நகர்ந்துவிடும். பதினோரு, பன்னிரண்டு வயதில் அந்த இடத்துக்கு உரிய பல் மேலே வரும்போது இடம் இருக்காது. கிடைத்த பக்கம் முளைக்கும். என்னுடையது நாக்குப் பக்கம் முளைத்தது.

பிடுங்கியது பத்து நிமிட வேலை. மரத்துப்போகும் ஊசிக்குத்தான் அலறினாள். புண் ஆறியதும் அச்சு எடுத்தார்கள். இளஞ்சிவப்புக் குழம்பு நிறைந்த தட்டை வாய்க்குள் வைத்து அழுத்தியபோது குமட்டி என் சட்டையெல்லாம் வாந்தி. அடுத்த வாரம் இடம்காக்கும் கம்பியைப் பொருத்தினார்கள். ஆறு வயதுப் பல்லைச் சுற்றி மோதிரம்போல ஒரு எஃகுப் பட்டை. அதிலிருந்து வளைந்து போய், காலியிடத்துக்கு முன்னால் இருக்கும் பல்லைத் தொட்டு நிற்கும் கம்பி. நடுவில் காலியிடம். இத்தனூண்டு கம்பிக்கு இவ்வளவு பணமா என்று அன்று முணுமுணுத்தேன். கடலை மிட்டாய், கமர்கட், சூயிங்கம் எல்லாம் கூடாது. சில மாதங்களுக்கு ஒருமுறை காட்ட வேண்டும். கமர்கட்டுக்கு மட்டும் அவள் கண்ணீர் விட்டாள். ஆறு வயதுப் பற்களின் பள்ளங்களில் சொத்தை பிடிக்காதபடி ஒரு பூச்சும் பூசிவிட்டார்கள்.

பிடுங்கிய பல்லைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்தால் புதுப்பல் நேராக முளைக்கும் என்றார் என் அம்மா. நாங்கள் இருப்பது மூன்று மாடிக் குடியிருப்பின் முதல் தளம். பாட்டியும் பேத்தியுமாக மொட்டை மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டியின் மேல் எறிந்துவிட்டு வந்தார்கள்.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. பட்டை ஒருமுறை கழன்று வந்து மறுபடி ஒட்டினோம். காலியிடம் அப்படியே இருக்கிறது. உள்ளே இருக்கும் பல் திட்டோடு வருமா, வெள்ளையாக வருமா என்பது முளைத்தால்தான் தெரியும். அவளுடைய தம்பிக்கு இரண்டு வயது. அவனுடைய இரவுப் பாட்டிலில் வெறும் தண்ணீர்தான். முதல் மூன்று இரவுகள் தெருவே விழித்திருந்தது.