ஒரு புள்ளி வேகம்

இன்று மாலை மும்பை மாட்டுங்கா வீட்டில், தம்பி, போக்கிமான் என்ற சண்டை விளையாட்டுக்காகத் தான் வரைந்த கற்பனை விலங்கின் வேகத்தை 105 என்று எழுதி, ரப்பரால் தாள் கிழியும் அளவுக்குத் தேய்த்து அழித்துவிட்டு, 101 என்று திருத்தினான்.

அந்த விளையாட்டில் ஏற்கெனவே உள்ள கார்சாம்ப் என்ற விலங்கின் அடிப்படை வேகம் 102. டிராகன், நிலம் ஆகிய இரு வகைகளையும் கொண்ட அதைப் பனித் தாக்குதல் நான்கு மடங்கு தாக்கும் என்பதால், பனி வகையான இவனுடைய விலங்கு ஒரு புள்ளி முந்தினாலும், மற்றவை சமமாக இருக்கையில், கார்சாம்ப் அசைவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

தான் உருவாக்கியதற்குக் கூடுதலாகக் கொடுக்கத்தான் எந்த மனமும் துடிக்கும்.

"எல்லாத்தையும் ஜெயிச்சா, எதிர்ல யாருண்ணா ஆட வருவா?" என்றான்.

101 போதும், 100-இல் நிற்கும் விலங்குகளின் பெருங்கூட்டத்தை அது முந்திவிடும்.

தற்காப்புக் கட்டத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை. பென்சில் அதன்மேலேயே நிற்கிறது.