கையெழுத்துப் போட ஆள் எங்கே?

'ஐ ஆம் ஸ்டில் ஹியர்' என்ற பிரேசில் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் பேசுவது, ராணுவத்து ஆட்கள் மஃப்டியில் வந்து வீட்டுக்குள் உட்காரும் காட்சியைத்தான். எனக்கு வங்கிக் காட்சி. 1971 ஜனவரி, ராணுவ ஆட்சியில் இருந்த பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ. முன்னாள் எம்.பி. ரூபென்ஸ் பைவாவை விசாரணை என்று கூட்டிப் போகிறார்கள். அவர் திரும்பவே இல்லை. மனைவி யூனிஸையும் பிடித்துப் போய் 12 நாள் அடைத்து வைத்துவிட்டு விடுகிறார்கள். ஐந்து பிள்ளைகள், வீட்டுச் செலவு. வங்கிக்குப் போகிறார். பணம் இருக்கிறது, எடுக்கத்தான் முடியாது, கணவர் கையெழுத்து வேண்டுமாம். அரசாங்கமோ அவர் தப்பி ஓடிவிட்டதாகச் சாதிக்கிறது. செத்துப்போனதாக எழுதித் தரவும் ஆள் இல்லை, கையெழுத்துப் போடவும் ஆள் இல்லை.

நான் நாகர்கோவில் பக்கம் ஒரு இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, அப்புறம் கணவரால் கைவிடப்பட்டவர் என்ற சான்று. இந்தக் கடைசிச் சான்றுக்கு வருகிற பெண்கள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் பத்திரமாகக் கொண்டுவருவார்கள். ஓடிபி வரும்போதுதான் மாட்டிக்கொள்ளும். "அந்த நம்பரு அவருகிட்டல்லா இருக்கு யக்கா" என்பார்கள். விட்டுவிட்டுப் போன ஆளுக்கே போன் போட்டு, விட்டுவிட்டுப் போனதற்கான சான்றுக்கு ஓடிபி கேட்க வேண்டும். அவன் எடுத்தால் உண்டு. அதனால் வங்கி மேலாளர் முன்னால் யூனிஸ் உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சப்-டைட்டில் தேவைப்படவில்லை.

திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் 2024இன் தொடக்கப் படம் இது. டிசம்பர் 13, அன்றைக்குத் திருக்கார்த்திகை. "விளக்கு வைக்கிற நேரத்துல சினிமா கேக்குதாக்கும்" என்று அம்மா ஒரு பாட்டம் பேசிவிட்டு, ஓலைக் கொழுக்கட்டையையும் கட்டிக் கொடுத்தாள். நிசாகந்தி திறந்தவெளி அரங்கில் நானும் மார்த்தாண்டத்து டீச்சர் தோழியும் அதைப் பிரித்துத் தின்றோம். பக்கத்தில் இருந்த மலையாளிப் பையனுக்கும் ஒன்று கொடுத்தோம். வேண்டாம் என்று சொல்லவில்லை.

படத்தில் யூனிஸாக வரும் ஃபெர்னாண்டா டோரஸ் அழுது தீர்ப்பதே இல்லை. பத்திரிகைக்காரர்கள் குடும்பத்தைப் படம் எடுக்க வருகிறார்கள். சோகமாக இருங்கள், சிரிக்க வேண்டாம் என்கிறார்கள். யூனிஸ் பிள்ளைகளைப் பார்த்து, "சிரிங்க" என்கிறார். எல்லோரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். இயக்குநர் வால்டர் சாலஸ் சிறுவயதில் அந்த வீட்டுக்குப் போய் வந்து பழகியவர். அந்த வீட்டின் சத்தமும் வெளிச்சமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அரங்கில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தோழிதான்.

யூனிஸ் நாற்பதைத் தாண்டிச் சட்டம் படித்து வக்கீல் ஆனவர். பழங்குடி மக்களின் நில உரிமைக்காக வேலை செய்தவர். கணவரின் இறப்புச் சான்று அவர் கைக்கு வந்தது 1996இல், 25 வருடம் கழித்து. ஓர் இறப்புச் சான்று கையில் கிடைத்ததற்கு நிம்மதிப்படுவது விசித்திரமாக இருக்கிறது என்று படத்தில் சொல்கிறார். அந்தக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார். என் மேஜைக்கு எதிரே அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறேன், அதனால் எனக்கு அது விசித்திரமாகத் தெரியவில்லை.

கதை அதோடு முடியவுமில்லை. நாங்கள் படம் பார்த்த அடுத்த மாதம், 2025 ஜனவரியில், அந்தச் சான்றைத் திருத்தினார்கள். இயற்கை மரணமல்ல, பிரேசில் அரசால் நிகழ்ந்த வன்முறை மரணம் என்று இப்போது அதில் இருக்கிறது. பிழைதிருத்தம் என்று என்னிடம் வருவதெல்லாம் இனிஷியல், பிறந்த தேதி, அப்பா பெயரில் ஓர் எழுத்து. அரசாங்கம் தன் பெயரைத் தானே சேர்த்துக்கொண்ட திருத்தத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். யூனிஸ் 2018லேயே போய்விட்டார்.

காகிதம் என்றதும் இன்னொன்று. இதே விழாவில் 2022இல் ஈரான் இயக்குநர் மஹ்னாஸ் முகம்மதிக்கு விருது. நாட்டை விட்டு வெளியே வர அவருக்கு வழியில்லை. ஈரான் பெண்களின் போராட்டத்துக்கு அடையாளமாகத் தன் தலைமுடியை வெட்டிக் கொடுத்து அனுப்பினார். கிரேக்க இயக்குநர் அதினா ரேச்சல் சங்காரி அதை மேடையில் தூக்கிக் காட்டினார். இன்னொரு ஈரான் இயக்குநர் ஜாஃபர் பனாஹியின் 'தி சர்க்கிள்' (2000) பார்த்தவர்களுக்கு இதன் பின்கதை தனியாகச் சொல்ல வேண்டாம். அதில் ஒரு பெண் ஊருக்குப் போக பஸ் டிக்கெட் கேட்கிறாள். துணைக்கு ஆண் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. கவுன்டருக்கு முன்னால் அவள் தயங்கி நிற்பதைப் பார்க்கப் பார்க்க, அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள் நான்தான் என்று தோன்றி நெளிந்தேன்.

டீச்சருக்கு என் பேச்சில் பாதி உடன்பாடில்லை. பிரேசில் படம் கடற்கரை பங்களாக்காரர்கள் கதை என்பது அவள் வாதம். குடும்பம் சாவோ பாலோவுக்குப் போனதோடு வேலைக்காரப் பெண் ஜெஜே கதையில் காணாமல் போகிறாளே, அவளுக்கு யார் படம் எடுப்பார்கள் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அவளுக்குப் பிடித்தது அதே விழாவில் வந்த மலையாளப் படம் 'ஃபெமினிச்சி ஃபாத்திமா'. பொன்னானியில் ஓர் உஸ்தாதின், அதாவது இஸ்லாமிய மத ஆசிரியரின், மனைவி. மூத்த பையன் மூத்திரம் பெய்து மெத்தை வீணாகிவிடுகிறது. இன்னொரு மெத்தை வேண்டும், அவ்வளவுதான் கதை. ஃபேன் சுவிட்சைப் போடக்கூட மனைவியைக் கூப்பிடுகிற புருஷன், மெத்தை விஷயத்தில் மட்டும் உடனே சட்டம் பேசுகிறான். அரங்கமே சிரித்தது, பெண்கள் கொஞ்சம் அதிகமாகவே. பார்வையாளர் விருதும் அதற்குத்தான் கிடைத்தது.

யூனிஸுக்குத்தான் என் ஓட்டு என்றேன். "நீ காகிதத்துலயே கெடந்து சாவு" என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போனாள்.