வளர்ச்சிக் காரணிப் புரதங்களைக் கையாளும் முறை: ஆய்வுக்குப் புதியவர்களுக்கு

செல் வளர்ப்பில் ஈடுபடும் மாணவர்கள் செல்களுக்குக் காட்டும் அக்கறையில் பாதியையாவது புரதக் குப்பிக்குக் காட்ட வேண்டும் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். வளர்ச்சிக் காரணிகள் என்பவை செல்களின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் புரதங்கள். மறுசேர்க்கை முறையில், அதாவது மனித மரபணுவை வேறு செல்லில் புகுத்தி, தயாராகும் இத்தகைய மனிதப் புரதங்கள் விலை மிகுந்தவை. அவை செயலிழந்தாலும் கரைசல் தெளிவாகவே இருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

உலர்த்தி அனுப்பப்படும் 10 மைக்ரோகிராம் புரதம் பல நேரங்களில் கண்ணுக்கே தெரியாது. அது மூடியில் ஒட்டியிருக்கக்கூடும். குப்பி அறை வெப்பநிலைக்கு வந்தபின் சென்ட்ரிஃபியூஜில் சிறிது நேரம் சுழற்றிவிட்டுத் திறவுங்கள். குளிர்ந்த நிலையில் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படியும்.

எதில் கரைப்பது என்பதைப் புரதத்துடன் வரும் தகவல் தாளைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். ஈஜிஎஃப் (EGF) என்ற வளர்ச்சிக் காரணி சாதாரண பஃபரிலேயே (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) கரையும். டிஜிஎஃப்-பீட்டா 1 (TGF-β1) என்ற இன்னொன்று நடுநிலை பிஎச்சில் சரியாகக் கரையாது. அதற்கு 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வழக்கம். டியூபை வேகமாக அதிர வைத்துக் கலக்கும் வோர்டெக்ஸ் கருவி வேண்டாம். நுரை எழும்பினால், காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் புரதத்தின் மடிப்பு குலையும்.

பலரும் கவனிக்கத் தவறும் இழப்பு இனிமேல்தான் வருகிறது. செறிவு குறையக் குறைய, டியூபின் சுவரில் ஒட்டி வீணாகும் பங்கு கூடும். 10 மைக்ரோகிராமை 100 மைக்ரோலிட்டரில் கரைத்தால் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் கிடைக்கும். செல்களுக்குத் தேவை 10 நானோகிராம்தான் என்றால், ஒரு மில்லிலிட்டர் ஊடகத்துக்கு 0.1 மைக்ரோலிட்டர் போதும். அதைப் பைப்பெட்டால் நம்பகமாக அளக்க முடியாது. எனவே முதலில் 100 மடங்கு நீர்க்கச் செய்து, அதிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுக்கிறோம். இந்த இடைநிலைக் கரைசலில் 0.1 சதவீத பிஎஸ்ஏ (BSA, மாட்டு இரத்தத்திலிருந்து பெறும் அல்புமின் புரதம்) இருப்பது அவசியம். சுவரில் ஒட்டும் வேலையை அது ஏற்றுக்கொள்ளும். அந்தப் புரதத்துடனேயே ஒளிரும் சாயத்தை இணைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் பிஎஸ்ஏ கூடாது. சாயம் அதிலும் ஏறிவிடும்.

முதலில் கரைத்த செறிவான மூலக் கரைசலை ஒரு முறைக்குத் தேவையான அளவுகளாகப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். பனி படியாத வகை ஃப்ரீசர் அவ்வப்போது தானே சூடேறி இறங்கும். இதற்கு அது ஒத்துவராது. உருகியதை மீண்டும் உறைய வைக்காதீர்கள்.

சேமிப்பு சரியாக இருந்தும் எஃப்ஜிஎஃப்-2 (FGF-2) என்ற வளர்ச்சிக் காரணி தனிக் கவனம் கேட்கும். 37 டிகிரியில் ஒரு நாளுக்குள்ளேயே அதன் செயல்திறன் பெரிதும் குறைந்துவிடும். ஸ்டெம் செல் வளர்ப்பில் ஊடகத்தை நாள்தோறும் மாற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனுடன் பிணையும் ஹெப்பாரின் என்ற சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறைச் சேர்த்தால் சற்று நிலைத்து நிற்கும்.

ஒவ்வொரு டியூபிலும் புரதத்தின் பெயர், செறிவு, லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), தேதி நான்கையும் எழுதுங்கள். புதிய லாட் வந்தால், பழையது தீர்ந்துபோகும் முன்பே இரண்டையும் ஒரே நாளில், ஒரே செல்களில், பல செறிவுகளில் ஒப்பிட்டுப் பாருங்கள். பாதி விளைவு தரும் செறிவு மாறியிருந்தால், அந்த லாட்டுக்கு ஏற்ப அளவைத் திருத்திக் குறிப்பேட்டில் பதிவு செய்த பிறகே அடுத்த பரிசோதனையைத் தொடங்குங்கள்.