நடைக்குறிப்பு: சிங்கப்பூர், ஏப்ரல்

ஏப்ரல் 5

மகன் தூங்குகிறான். பதினொரு மணிக்கு முன்னால் எழுப்பக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறான், அதுவும் என் மளிகைப் பட்டியலின் பின்பக்கத்தில்.

டீச்சர், மலாய்க்கார அம்மா மக்சிக், நான் மூன்று பேரும் பீஷான் அங் மோ கியோ பூங்காவைச் சுற்றி வந்தோம். மழை இல்லாமல் ஆறு இளைத்துக் கிடக்கிறது. பாறைகளுக்கு நடுவில் நீர்நாய்க் குடும்பம் காலைச் சாப்பாட்டில் இருந்தது. மீனைத் தலையிலிருந்து ஆரம்பிக்கின்றன. முள் நொறுங்குகிற சத்தம் பாலத்தில் நின்ற எங்களுக்கே கேட்டது. 2012க்கு முன்னால் இது வெறும் காங்கிரீட் கால்வாய், 2.7 கிலோமீட்டருக்கு வளைவே கிடையாது. மக்சிக்கின் பெரிய பையன் அதில் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு வந்த கதை மறுபடியும். அவனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

ஏப்ரல் 6

பாசிர் ரிஸ் வரைக்கும் கூடப் போனேன். அங்கிருந்து அவன் தெக்கோங் தீவுக்கு, தேசியச் சேவை ராணுவப் பயிற்சிக்கு. வரவேண்டாம் என்றுதான் சொன்னான்.

ஏப்ரல் 7

இன்றிலிருந்து போன் கிடையாது. சனிக்கிழமை வரைக்கும் காடுதான்.

ஏப்ரல் 8

நாலே முக்காலுக்கு இடி. சுமத்ரா காற்று. ஏப்ரல் வந்துவிட்டால் விடியற்காலையில் இப்படி மேற்கிலிருந்து ஒரே வரிசையாக வந்து அடித்துவிட்டுப் போகும். போனில் மழை ரேடாரைத் திறந்து வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றேன். முதலில் துவாஸ் சிவந்தது, அப்புறம் ஜூரோங், அப்புறம் நம் தலைக்கு மேல். ஜன்னலில் தண்ணீர் அறைந்துகொண்டிருக்கும்போதே அந்தச் சிவப்பு கிழக்கே நகர்ந்தது. படத்தின் வலது ஓரத்தில்தான் தெக்கோங். இங்கே பெய்தது அரை மணிக்குள் அங்கே போய்விடும். மின்னல் என்றால் கேட் ஒன் என்று எச்சரிக்கை அறிவித்துப் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள், எல்லாரையும் கூரைக்குக் கீழே கூட்டிப்போவார்கள் என்று அவன்தான் சொன்னான். காட்டுக்குள் கூரை எங்கே இருக்கிறது?

ஏழரைக்குத் தூறலாகிவிட்டது, இறங்கிவிட்டோம். நம்ப முடியாத குளிர். மக்சிக் சால்வை போர்த்தி வந்தார். ஆறு கரைமேல் ஏறிப் புல்லையெல்லாம் ஒரே பக்கமாகப் படுக்க வைத்திருந்தது. கீழ்ப்பாதையில் எச்சரிக்கை விளக்கு எரிந்ததால் சாலையோரமாகவே நடந்தோம். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் டீச்சர் நின்றுவிட்டார். பெரிய கிளைமேல் பெரணிக்குப் பக்கத்தில் குச்சி குச்சியாக ஒரு புதர் இருக்கிறது. இத்தனை வருஷமாக அதைக் குப்பை என்று நினைத்திருந்தேன்.

"புறா ஆர்க்கிட்டும்மா. மொட்டு வெச்சிட்டு அப்படியே தூங்கும். மழை பேஞ்சு திடீர்னு குளிரணும், அப்பத்தான் முழிக்கும். அதுலேர்ந்து ஒன்பதாம் நாள் பூக்கும், இந்தப் பக்கம் இருக்கிறது எல்லாம் ஒரே நாள்ல."

பள்ளிக்கூடத்தை விட்டு வந்து எத்தனை வருஷமானாலும் அந்தக் குரல் போகவில்லை. வீட்டுக்கு வந்து காலண்டரில் 17ஐ வட்டம் போட்டேன். பவுடர் டப்பாவை அவன் பையில் வைத்தேனா? வைத்தேன். வைத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 9

ஐந்தே காலுக்குக் குயில். நகரமன்றத்துக்கு எழுதப்போகிறேன் என்று ஆறாம் மாடிக்காரர் லிஃப்டில் குதித்தார். எழுதட்டும். குயிலிடம் யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்?

காப்பிக்கடை வாசலில் ஒரு காட்சி. காலி நாற்காலியின் முதுகில் ஒரு காக்கை, பக்கத்தில் அதைவிடக் குண்டாக உடம்பெல்லாம் புள்ளி போட்ட குயில் குஞ்சு. சிறகைப் படபடவென்று அடித்து, வாயைச் சிவப்பாகத் திறந்து ஒரே கத்தல். காக்கை தட்டிலிருந்து மஞ்சள் மீ ஒன்றை இழுத்து வந்து அந்த வாய்க்குள் திணித்தது. நூடுல்ஸின் ஒரு முனை வெளியே தொங்கியது. குஞ்சு அதை விழுங்கவில்லை, அடுத்ததுக்குக் கத்தியது. காக்கை ஒரு நொடி அதைப் பார்த்தது. தொங்கிய முனையையும் அலகாலேயே உள்ளே தள்ளிவிட்டு மறுபடி தட்டுக்குப் போனது.

டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 10

1990இல் ஜொகூரிலிருந்து மூன்று காட்டு யானைகள் நீந்தித் தெக்கோங்குக்கு வந்தனவாம். டீச்சர் இதை என்னிடம், இந்த வாரம் சொல்கிறார். பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம், அதனால் பயப்பட ஒன்றுமில்லையாம். நான் பயப்படுகிறேன் என்று யார் சொன்னது?

மக்சிக் மட்டும் "சாபார், சாபார்", பொறுமை பொறுமை என்று முதுகைத் தட்டினார். இரண்டு பையன்களை அனுப்பி வாங்கியவர்.

ஏப்ரல் 11

மழை. ரேடார்.

ஏப்ரல் 12

வந்துவிட்டான்! பையைத் திறந்ததும் வீடு முழுக்க ஈர மண்ணும் வியர்வையும் பவுடரும். (பவுடர் இருந்திருக்கிறது.) நகக்கண்ணில் செம்மண், கழுத்தைச் சுற்றி வேர்க்குரு, முழங்கைக்குக் கீழே எண்ண முடியாத கொசுக்கடி. செவ்வாய்க்கிழமை மழையில் என்ன பண்ணினாய் என்று கேட்டேன்.

"எந்த மழைம்மா? தெனம்தான் பெஞ்சுச்சு."

என் கடிதத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே படிக்கக் கொடுப்பார்கள் என்று பெற்றோர் எல்லாரிடமும் எழுதி வாங்கினார்கள். நான் தமிழில் எழுதியிருந்தேன், நாலு பக்கம். குளித்துவிட்டு வந்து, தட்டில் இருந்த கோழியை ஒரு வார்த்தை பேசாமல் முடித்தான். ஆறு மணிக்குப் படுத்தவன்தான்.

ஏப்ரல் 13

தேக்கா சந்தையிலிருந்து நேற்றே வேப்பம்பூவும் மாங்காயும் வாங்கி வந்திருந்தேன். இன்றைக்கே பச்சடி. நடையில் சொன்னதும் டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "சித்திரை இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள என்ன பச்சடி?" பிறக்கும்போது அவன் தெக்கோங்கில் இருப்பான் டீச்சர் என்றேன். பேசாமல் வந்தார். மத்தியானம் வீட்டுக்கு வந்து இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார், வெல்லம் போதவில்லை என்றார்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. வேலைக்குப் போனேன்.

ஏப்ரல் 15

மொட்டு வெளுத்திருக்கிறது. மக்சிக் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிக் காட்டினார். ஏவென்யூ முழுக்க மைனாக்களின் கூச்சல். எல்லாம் ஜாவா மைனா, ஊர் மைனாவைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது.

ஏப்ரல் 16

பூக்காவிட்டால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. இருந்தாலும் இரவு பத்து மணிக்குக் குப்பை போடுகிற சாக்கில் போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 17

பூத்துவிட்டது! கிளை முழுக்க வெள்ளை. இந்த ஒரு மரம் மட்டுமில்லை, எதிர்ச்சாரியில், கார் நிறுத்துமிடத்தில், பாலத்துக்குப் பக்கத்தில், இத்தனை நாள் எங்கே இருந்தது இதெல்லாம்? காற்றில் இறங்கின ஒரு காம்பைப் பொறுக்கினேன். நடு இதழில் மட்டும் மஞ்சள் தீற்றல். பஸ்ஸுக்கு நின்ற பன்னிரண்டு பேரில் ஒருவரும் நிமிரவில்லை. மக்சிக் சத்தமாகவே "மேலே பாருங்கள்" என்றார். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மட்டும் பார்த்தது. டீச்சருக்கு நடையே மாறிவிட்டது, மரத்துக்கு மரம் பொறுப்பதிகாரி தோரணை.

அவனுக்குப் படம் அனுப்பினேன். சாயங்காலம் பதில்: "நைஸ். இன்னிக்கு ராத்திரி வரேன், நாளைக்கு லீவு. பூட்ஸுக்குள்ள வைக்கற பேட் வாங்கி வெய்ங்க."

ஏப்ரல் 18

புனித வெள்ளி. காலையில் அவனையும் இழுத்துக்கொண்டு போனேன். எல்லாம் வாடித் தொங்கிவிட்டது, ஒரு நாள் பூ. "எங்கே?" என்றான். அதோ என்றேன். "ஓ" என்றான். அதோடு நீர்நாயைப் பார்க்கப் போய்விட்டான், அங்கே ஒரு மணி நேரம் நின்றான்.

வரும் வழியில் தானாகவே சொன்னான், கடைசி அணிநடை 24 கிலோமீட்டர், மூட்டையோடு. கடிதத்தில் இரண்டு பக்கம் படித்தானாம், மழையில் மிச்சம் ஊறிப்போய்விட்டதாம். என்ன எழுதியிருந்தீங்க என்று கேட்டான். மறந்துவிட்டது என்றேன்.

ஏப்ரல் 19

24 கிலோமீட்டர் என்றால் எவ்வளவு? டீச்சரிடம் கேட்டது தப்பாய்ப் போயிற்று. பழைய ரயில் பாதை சரியாக அவ்வளவுதான் நீளமாம், உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை. "நடந்து பாத்தாத் தெரியும்." தண்டவாளத்தை எடுத்த இடத்தில் என்னென்ன முளைத்திருக்கிறது என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறார். மக்சிக் முழங்காலைக் காட்டினார்; புக்கித் தீமா பழைய ரயில் நிலையம் வரைக்கும் வருவாராம், அங்கிருந்து பஸ். நாளைக்கு இல்லை, அவனைக் கொண்டுவிடணும். அடுத்த சனிக்கிழமை, ஐந்தரைக்குப் புளோக்கின் கீழ்த்தளத்தில், வாய்ட் டெக்கில். எனக்கும் அந்த பேட் ஒரு ஜோடி வாங்கணும்.