பதிவுத் தாளின் கடைசிக் கட்டம்

நீலகிரியின் முக்குருத்தி தேசியப் பூங்காவில், மேற்கு விளிம்பில், ஜூன் மாதத்துக்குப் பிறகு பேனா உதவாது. ஜெல் பேனாவின் மை தாளில் படர்ந்துவிடும். பால்பாயின்ட் ஈரத் தாளில் வழுக்கும். பென்சில்தான் சரி. அதுவும் சீவி எழுதும் பழைய மரப் பென்சில். முனையைத் தள்ளித் தள்ளி எழுதும் புதுவகைப் பென்சில், குளிரில் விறைத்த விரல்களின் அழுத்தம் தாங்காமல் ஒடிந்துகொண்டே இருக்கும். வரையாடுகளைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்தபோது எனக்கு முதலில் சொல்லித்தரப்பட்டது இது. அடுத்ததாகப் பதிவுத் தாளின் கட்டங்களைச் சொல்லித்தந்தார்கள். மேய்தல், படுத்து அசைபோடுதல், நிற்றல், நடத்தல், விழிப்பு, முட்டிக்கொள்ளுதல், இணைசேர்தல், பால் கொடுத்தல், மற்றவை. இவை எல்லாம் முடிந்தபின் வலது ஓரத்தில் ஒடுக்கமாக ஒரு கட்டம்: தெரியவில்லை.

இத்தனை ஆண்டுகளில் நான் அதிகம் யோசித்தது அந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றித்தான். கல்லூரிகளில் பேசக் கூப்பிடுகிறவர்கள் புலி எதிரே வந்ததா, யானை துரத்தியதா என்று கேட்கிறார்கள். வந்தது, துரத்தியது. அதில் ஆய்வு ஒன்றும் இல்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களின் முதல் வாரக் குறிப்பேட்டைப் படித்தால், வரையாடு ஓயாமல் கொம்பு முட்டிக்கொள்ளும் பிராணி என்று தோன்றும். மனிதக் கண் சண்டையைத் தேடிப் போகும். முதுகில் வெள்ளிச் சேணம் போட்டதுபோல் வெளிறிய திட்டோடு நிற்கும் முதிர்ந்த கிடாயைத் தேடிப் போகும். ஓரமாகப் புல் கடித்துக்கொண்டிருக்கும் பெட்டையை அது தாண்டிவிடும். கென்யாவின் அம்போசெலியில் பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன், 1974இல் ‘பிஹேவியர்’ ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையில் இந்தக் கோளாறைத்தான் எடுத்துப் பேசினார். கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிக்கொண்டு போனால், எடுப்பாகத் தெரியும் விலங்குகளும் எடுப்பாகத் தெரியும் செயல்களுமே ஏட்டை நிறைக்கும். அதற்கு மாற்றாக அவர் ஒழுங்குபடுத்திக் காட்டிய முறைகளில் இரண்டு எங்களுக்கு அன்றாடச் சோறு. ஒரே விலங்கைத் தேர்ந்துகொண்டு குறித்த நேரம் முடியும்வரை அதை மட்டும் பார்ப்பது ஃபோக்கல். குறித்த இடைவெளியில் மந்தை முழுவதையும் ஒருமுறை பார்த்து, ஒவ்வொன்றும் அந்தக் கணத்தில் என்ன செய்கிறது என்று எழுதுவது ஸ்கேன்.

ஸ்கேன் எளிது என்று நினைப்பார்கள். கடிகாரம் ஒலித்ததும் இடது ஓரத்து ஆட்டிலிருந்து தொடங்க வேண்டும். வலது ஓரத்தில் இரண்டு கிடாய்கள் தலையோடு தலை பொருத்தி நின்றாலும் கண் அங்கே போகக்கூடாது. முறை வரும்போதுதான் போகலாம். அதற்குள் அவை பிரிந்து மேய ஆரம்பித்திருந்தால் ‘மேய்தல்’ என்றுதான் எழுத வேண்டும். நன்றாகப் பார்த்துவிட்ட ஒன்றை எழுதாமல் விடுவதற்குப் பயிற்சி வேண்டும். இந்த வேலையின் ஆகக் கடினமான பகுதி இதுதான் என்பது என் எண்ணம். அட்டைக்கடியும் ஏற்றமும் பழகிவிடும்.

இதற்கு மேல் மூடுபனி. வரையாடுகள் இணைசேரும் காலம் தென்மேற்குப் பருவமழையோடு வருகிறது. அதுவரை விலகித் திரிந்த முதிர்ந்த கிடாய்கள் ஜூலை, ஆகஸ்டில் பெட்டைகளின் மந்தையோடு வந்து சேர்கின்றன. ஏறத்தாழ ஆறு மாதம் சினை. ஜனவரி, பிப்ரவரியில் குட்டிகள். ஆக, ஆண்டு முழுவதும் எதைப் பார்க்கக் காத்திருந்தோமோ அது நடக்கும் மாதங்களில்தான் முக்குருத்தியில் எதிரே நீட்டிய கையே தெரியாமல் போகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் ஒலிக்கும். ஒவ்வொரு முறையும் கடைசிக் கட்டத்தில் ஒரு கோடு. மூடுபனிக்குள்ளிருந்து ஆட்டின் சீழ்க்கை கேட்கும். அது எச்சரிக்கை ஒலி என்று தெரியும். எந்த ஆடு, எதைக் கண்டு எழுப்பியது என்று தெரியாது. அன்றைய தாளைப் பார்த்து, இதற்கா சம்பளம் என்று கேட்கத் தோன்றும். நல்ல வேளையாக, சம்பளம் கொடுப்பவர்கள் தாள்களைப் படிப்பதில்லை, சுருக்கத்தைத்தான் படிக்கிறார்கள்.

அந்தக் கோடுகளைத் தூக்கிப் போட்டுவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வதுண்டு. நூறு நோக்கல்களில் நாற்பதில் ஆடு மேய்கிறது, இருபதில் படுத்திருக்கிறது, நாற்பதில் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். தெரியாதவற்றைத் தள்ளிவிட்டால், ஆடு மூன்றில் இரண்டு பங்கு நேரம் மேய்கிறது என்று விடை வரும். தெரியாத அந்த நாற்பதும் பாறை விளிம்புக்குக் கீழே அது படுத்திருந்த நேரமாக இருந்தால், மேய்ச்சல் ஐந்தில் இரண்டு பங்குதான். மூடுபனி ஆட்டின் செயலைப் பார்த்து இறங்குவதில்லை. அது எல்லாவற்றையும் ஒரேபோல் மறைக்கிறது, அதனால் விகிதம் அதிகம் கெடாது. பாறை விளிம்பு அப்படியல்ல. ஆடு திறந்த புல்வெளியில் மேய்கிறது, பாறை மறைவில் ஓய்வெடுக்கிறது. மறைவதே ஒரு செயலோடு பிணைந்திருக்கிறது. இது புரிந்தபின் எங்கள் தாளில் அந்தக் கட்டத்தை இரண்டாகப் பிரித்தோம்: மூடுபனி, மறைவு. மறைவு என்று எழுதினால் எந்தப் பக்கம் போய் மறைந்தது, கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் எழுத வேண்டும். ஒடுக்கமாக இருந்த கட்டம் தாளிலேயே அகலமானதாக ஆயிற்று.

சோலைக்குள் கருமந்தியைக் கவனிக்கப் போனால் இந்தக் கட்டம்தான் தாள் முழுவதும். மரக் கவிகைக்குள் உட்கார்ந்து இலை தின்னும் குரங்கு. கீழே இருந்து பார்த்தால் தொங்கும் வால் தெரியும். வாலை வைத்து என்ன எழுதுவது? மருந்து என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடப்பட்ட இனம் என்பதால் ஆள் வாசனைக்கே ஒதுங்கும். தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய கூட்டங்கள் ஆளைக் கண்டு ஓடுவதில்லை என்பதால் ஆய்வாளர்கள் அவற்றை விரும்புவார்கள், நானும் விரும்பினேன். ஆனால் ஆளைக் கண்டு ஓடாத குரங்கின் நாள் வேறு, ஓடும் குரங்கின் நாள் வேறு. எளிதாகத் தெரிவதை வைத்து இனம் முழுவதைப் பற்றியும் பேசுவது, கூட்டத்தில் பெரிய கிடாயை மட்டும் பார்ப்பதன் இன்னொரு வடிவம்தான்.

கோத்தகிரிப் பக்கத் தேயிலைச் சரிவுகளில் காட்டுமாடுகளைப் பார்த்த காலத்தில் சிக்கல் வேறு மாதிரி வந்தது. அங்கே எல்லாம் பட்டவர்த்தனமாகத் தெரியும். வேலைக்குப் போகும் பெண்கள் அதன் பக்கத்துப் பாதையிலேயே பேசிக்கொண்டு நடப்பார்கள். கேள்வி, பார்த்ததற்கு என்ன பெயர் வைப்பது என்பது. மாடு தலையைத் தூக்கிப் பார்க்கிறது, வாய் மென்றுகொண்டிருக்கிறது. இது மேய்தலா, விழிப்பா? என் உடன் பணியாற்றியவர் மேய்தல் என்றார், நான் விழிப்பு என்றேன். இரவுச் சாப்பாடு ஆறிப்போகும் அளவுக்கு வாக்குவாதம். முடிவில், தலை தோளுக்கு மேலே இருந்தால் வாய் என்ன செய்தாலும் விழிப்பு என்று வரையறுத்தோம். அது சரியான வரையறை என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நாளைக்கு வேறொருவர் அதே சரிவில் உட்கார்ந்தாலும் அதையே எழுதுவார், அது போதும்.

எழுதுகிறார்களா என்று சோதிக்கவும் வேண்டும். இரண்டு பேரை ஒரே மாட்டின் முன் உட்கார வைத்துத் தாள்களை ஒப்பிடுவது வழக்கம். எண்பது சதவீதம் பொருந்துகிறது என்றால் நல்லதுபோல் தோன்றும். ஆனால் மாடு பெரும்பாலும் மேய்கிறது. இருவரும் மாட்டைப் பார்க்காமலே நூற்றுக்கு எண்பது முறை ‘மேய்தல்’ என்றும் மீதியில் ‘மற்றவை’ என்றும் எழுதி வைத்தாலும், தற்செயலாகவே அறுபத்தெட்டு சதவீதம் பொருந்திவிடும். இந்தத் தற்செயலைக் கழித்துப் பார்க்கும் அளவையை ஜேக்கப் கோஹன் என்ற உளவியலாளர் 1960இல் கொடுத்தார், கப்பா என்கிறோம். எண்பது சதவீதத்தைக் கப்பாவுக்கு மாற்றிப் பார்த்த மாலையில் எங்கள் முகாமில் யாரும் அதிகம் பேசவில்லை.

முதுமலையில் கண்ணால் பார்ப்பதே குறைவு. உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டிய இடங்களில் யானை பக்கத்தில் நின்றாலும் தெரியாது. அங்கே தடமும் சாணமும் எச்சமும்தான் தாள். ஏ.ஜே.டி. ஜான்சிங் 1976 முதல் 1978 வரை, மோயாற்றுக்கு அந்தப் பக்கம் பந்திப்பூரில், செந்நாய்களை ரேடியோ பட்டை எதுவும் இல்லாமல் கால்நடையாகவே பின்தொடர்ந்து ஆராய்ந்தார். சிவகாசியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர். இரையின் மிச்சத்தையும் எச்சத்தையும் வைத்து அவை என்ன தின்றன என்று தேடினார். எச்சத்தில் கிடைக்கும் முடியை நுண்ணோக்கியில் வைத்தால் கடமானா புள்ளிமானா என்று சொல்லிவிடலாம். அதிலும் ஒரு கோளாறு உண்டு. உடல் எடையோடு ஒப்பிட்டால் சிறிய விலங்குக்கு முடி அதிகம். ஒரு கிலோ முயல் விட்டுச்செல்லும் எச்சம், ஒரு கிலோ கடமான் விட்டுச்செல்வதைவிட அதிகம். எண்ணிக்கையை அப்படியே எடுத்தால் செந்நாய் சிறு பிராணிகளிலேயே வாழ்வதாகத் தோன்றிவிடும். திருத்தாமல் பயன்படுத்தக்கூடாது.

எங்களோடு வந்த குறும்பர் இனத்து வழிகாட்டி அண்ணன் யானைச் சாணத்தைக் காலால் உடைத்துப் பார்ப்பார். நேற்று இரவு, இன்று காலை, சொல்ல முடியாது – இந்த மூன்றில் ஒன்றுதான் அவர் வாயிலிருந்து வரும். மழை பெய்த மறுநாள் பெரும்பாலும் மூன்றாவது. குத்துமதிப்பாக ஒன்று சொல்லுங்கள் அண்ணா என்று எங்களில் ஒருவர் வற்புறுத்தியபோது, “மழை கழுவிய சாணத்துக்கு வயது கிடையாது மேடம். நான் ஏதாவது சொன்னால் நீங்கள் எழுதிவிடுவீர்கள்” என்றார். பழங்குடி மக்களின் காட்டறிவைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை ஏதோ பிறவி வரம்போல் வியக்கிறார்கள். எனக்கு அந்த வியப்பு பிடிப்பதில்லை. அவரிடம் இருந்தது முறை. வெப்பம், ஈரம், வண்டு ஏறியிருப்பது, மேல் ஓடு காய்ந்திருப்பது என்று வரிசையாகப் பார்ப்பார், வரிசை தடைப்பட்டால் நிறுத்திக்கொள்வார். சம்பளப் பட்டியலில் மட்டும் அவர் உதவியாளர்.

தமிழ்நாடு அரசு 2024இல் நடத்திய ஒருங்கிணைந்த வரையாட்டுக் கணக்கெடுப்பில் 1,031 என்றும், 2025இல் 1,303 என்றும் எண்ணிக்கை வந்தது. செய்தி வெளியான நாளில் உறவினர்கள் வாழ்த்துச் சொன்னார்கள், ஏதோ நான் ஈன்றதுபோல. இரண்டாம் ஆண்டில் பார்த்த இடங்களும் கூடுதல் என்பதைத் தொலைபேசியில் விளக்கி முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். எனக்கு அந்த எண்களைவிட அவற்றுக்குப் பின்னால் இருந்த முறைகளில் ஆர்வம். அவற்றில் ஒன்று இரட்டைப் பார்வையாளர் முறை. இரண்டு குழுக்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளாமல் ஒரே மலைப்பகுதியைப் பார்க்கின்றன. முதல் குழு இருபது மந்தைகளைப் பார்த்தது, இரண்டாவது பதினெட்டு, இரண்டுக்கும் பொதுவானவை பன்னிரண்டு என்று கொள்வோம். இருபதைப் பதினெட்டால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் முப்பது. இரு குழுவும் சேர்ந்து பார்த்தது இருபத்தாறு. இருவர் கண்ணுக்கும் தப்பியவை சுமார் நான்கு மந்தைகள். பார்க்காததைக் கணக்கில் ஏற்றும் இந்த எளிய பெருக்கல், மந்தைகளைச் சரியாக அடையாளம் கண்டால்தான் நிற்கும். அதற்குத்தான் ஒவ்வொரு மந்தையிலும் வெள்ளிச்சேணக் கிடாய் எத்தனை, கரும்பழுப்புக் கிடாய் எத்தனை, பெட்டை எத்தனை, குட்டி எத்தனை என்று பிரித்து எழுதுவது.

தானியங்கி கேமராக்கள் வந்தபின் இந்தச் சிரமமெல்லாம் தேவையில்லை என்கிறார்கள். யார், எப்போது கடந்தார் என்பதற்கு அதற்கு இணை இல்லை. இரவெல்லாம் விழித்திருக்கும், தேநீர் கேட்காது. ஆனால் அது படச் சட்டத்துக்குள் வந்ததைத்தான் பதியும், வராததற்குக் கோடு போடாது. யானை பிடுங்கி எறிந்த கேமராவின் கடைசிப் படம் எங்களிடம் சிலவுண்டு. அவற்றில் துதிக்கை நுனி மட்டும் நன்றாக விழுந்திருக்கும்.

இப்போது எங்கள் குழு காகிதத்தை விட்டுக் கைப்பேசிச் செயலிக்கு மாறிவிட்டது. முதல் வடிவத்தில் ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு செயலைத் தேர்ந்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். கடைசிக் கட்டம் இல்லவே இல்லை. நிரலை எழுதிய இளைஞர் வெற்றிடம் இருந்தால் பகுப்பாய்வு தடைப்படும் என்று வாதாடினார். நாங்கள் விடவில்லை. ‘மூடுபனி’, ‘மறைவு’ என்று இரண்டு பொத்தான்கள் வந்தன. வந்த பின் இன்னொரு தலைவலி: தாளில் மறைவு என்று எழுதினால் இரண்டு வரி கூடுதலாக எழுத வேண்டியிருந்தது, பொத்தானை அழுத்துவதோ ஒரு நொடி வேலை. மழை நாட்களில் சிலருடைய பதிவில் இந்த இரண்டு பொத்தான்களும் மற்றவர்களைவிட மிக அதிகமாக விழுகின்றன. உண்மையிலேயே அவர்கள் பக்கம் மூடுபனியும் மறைவும் அதிகமா, குளிரில் சலிப்பு அதிகமா என்று பிரித்தறிய, அவர்களை இருவர் இருவராக ஒரே மந்தையின் முன் உட்கார வைக்க வேண்டும். வனத்துறையிடம் ஆகஸ்ட் மாதத்துக்கு அனுமதி கேட்டிருக்கிறோம்.