சிவப்பு மையில் அடிபட்ட வரி

கடலூரில் நம் கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்துக்குப் பின்புறம் காரை பெயர்ந்த செங்கல் சுவர் ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? ஐப்பசி மழை பிடித்து ஒரு வாரம் ஆவதற்குள் அது முழுக்கப் பச்சையாகிவிடும். மாசி வெயிலில் கரி பூசியதுபோல் கறுத்துக் கிடக்கும். அப்போதும் ஒரு குவளைத் தண்ணீரை வீசினால் போதும், சுருண்ட இலைகள் சில நிமிடத்தில் விரிந்துகொள்ளும். அனேகமாக ஹையோஃபிலா என்ற வகையாக இருக்கும். அன்று நமக்கு அது வெறும் பாசி. பிராக்டிகல் தேர்வுக்கு மட்டும் மாஸ் (moss), பூக்காத சிறு பச்சைச் செடி.

இரண்டாம் ஆண்டில் அதைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்துவிட்டு, ரெக்கார்டு நோட்டில் படத்துக்குக் கீழே "காளான் வாசனை உள்ளது" என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். "மாஸ் மணக்காது தம்பி. பூவா வைத்திருக்கிறது?" என்றார். வகுப்பே சிரித்தது. அந்த ஆண்டு முழுவதும் என் பெயர் காளான்.

கிளாஸ்கோவுக்கு வந்து, பகுப்பாய்வுக் கூடம் ஒன்றில், ஆவியாகும் பொருள்களைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பிரிகைக் கருவியோடு பிழைப்பு நடத்தத் தொடங்கிய பிறகுதான் அடிபட்ட அந்த வரி மறுபடி நினைவுக்கு வந்தது. ஃபுனேரியா என்ற மாஸின் உறவான ஃபிஸ்கோமிட்ரெல்லாவைக் காயப்படுத்தினால் 1-ஆக்டென்-3-ஆல் என்ற ஆவியாகும் ஆல்கஹால் வெளிவருகிறது. காளானுக்கு அந்த மணத்தைத் தருவதும் இதுதான். மாட்டின் மூச்சிலும் இது உண்டு; கொசுப்பொறிகளில் தூண்டிலாக வைக்கிறார்கள். மாஸ் இதைச் செய்யும் வழிதான் விசித்திரம். முட்டையிலும் இறைச்சியிலும் இருக்கும் அராக்கிடோனிக் அமிலம், பூக்கும் தாவரங்களில் அரிதான அந்த இருபது கார்பன் கொழுப்பமிலம், மாஸில் தாராளமாக உண்டு. இலை கிழிந்ததும் நொதி ஒன்று அதை வெட்டுகிறது, மணம் எழுகிறது.

பூ இல்லாததற்கு மணம் எதற்கு என்று ஆசிரியர் கேட்டது நியாயமான கேள்விதான். மாஸின் ஆணணு நீரில் நீந்தித்தான் பெண் உறுப்பான ஆர்க்கிகோனியத்தை அடையும் என்று அவரே நடத்தினார். 2006இல் ஸ்வீடன் நாட்டினர், ஸ்பிரிங்டெயில் என்னும் துள்ளும் குறும்பூச்சிகளும் சிற்றுண்ணிகளும் அந்த அணுக்களைச் சுமந்து செல்வதைக் காட்டினார்கள். 2012இல் அமெரிக்கர்கள் செரட்டோடான் என்ற மாஸில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாசனை வேறு என்றும், பூச்சிகள் பெண் செடியையே நாடுகின்றன என்றும் கண்டார்கள். சாணத்தில் வளரும் ஸ்பிளாக்னம் இன்னும் கெட்டிக்காரி. நாற்றம் விட்டு ஈக்களை அழைத்து, வித்துகளை அடுத்த சாணத்துக்கு அனுப்பிவிடுகிறாள்.

மாஸ் மருந்தாகும் என்ற பேச்சில் மட்டும் எனக்கு நம்பிக்கை குறைவு. மாஸை வடித்தால் எண்ணெய் ஒரு சொட்டுத் தேறினாலே அதிகம். அதன் உறவான லிவர்வொர்ட் என்ற செடிக்கு இருப்பதுபோல் அதன் செல்லில் எண்ணெய்ப் பைகள் கிடையாது. தேறியதை ஆய்வகத் தட்டில் வைத்துப் பாக்டீரியா வளரவில்லை என்று காட்டுகிறார்கள். தட்டு வேறு, உடம்பு வேறு. ஒரு வார்த்தை இடையில்: பிரியாணியில் போடும் கல்பாசி மாஸ் அல்ல, பூஞ்சையும் ஆல்காவும் கூடி வாழும் லைக்கன். இங்கே சங்க விருந்தில் இதைச் சொல்லப்போய்ச் சண்டையே வந்தது.

போன கார்த்திகையில் ஊர் வந்தேன். சுவர் இருந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். மஞ்சக்குப்பத்தில் அக்காள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு கொத்துப் பாசி கிடைத்தது. கசக்கி அக்காள் மகளிடம் நீட்டினேன்.

"மண் வாசனை, மாமா" என்றாள்.

அதுவும் பொய்யில்லை. வேரடி மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா விடும் ஜியோஸ்மின் என்ற பொருள் அப்படித்தான் மணக்கும். மாஸுக்கு வேர் ஏது, வேர்போன்ற இழைதான். பழக்கத்தில் எழுதிவிட்டேன், ஆசிரியர் இருந்தால் இதையும் அடித்திருப்பார். கொத்தை நன்றாக அலசி, புதிதாகக் கசக்கி மறுபடி நீட்டினேன்.

நெடுநேரம் முகர்ந்து பார்த்தாள். "இப்போது ஒன்றுமே இல்லையே" என்றாள்.